வேலைக்குச் சென்றுகொண்டே படிக்க வரும் மாற்றுத்திறனாளிகள்: கல்லூரியில் கற்பிப்பவர்களின் அனுபவங்கள்

மாலைவகுப்பு (இழையைத் தொடங்கியவர்)

நான் மாலை நேரக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் 30 வயதைக் கடந்தவர்கள். பகலில் வேலை பார்த்துவிட்டு, பதவி உயர்வுக்காகவோ வேறு தொழிலுக்கு மாறுவதற்காகவோ படிக்க வருகிறார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று கல்லூரிகளில் உள்ள நடைமுறைகளை வாசிக்கும்போதெல்லாம், அவை பள்ளியிலிருந்து நேராக வரும் 18 வயதினரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அத்தகைய மாணவரிடம் சான்றிதழ் இருக்கும், எந்தக் கருவி தமக்கு ஒத்துவரும் என்ற பழக்கம் இருக்கும், தேவைப்பட்டால் உடன் வந்து பேசப் பெற்றோர் இருப்பார்கள். கண் அழுத்த நோயாலோ நீரிழிவாலோ 40 வயதுக்கு மேல் பார்வை மங்கத் தொடங்கியவரிடமும், பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்தவரிடமும், செவித்திறன் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருபவரிடமும் இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. தம்மை மாற்றுத்திறனாளி என்று கருதிக்கொள்ளவே அவர்களில் பலர் இன்னும் தயாராகவில்லை. அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்ற அச்சத்தில் கல்லூரியிலும் வாய் திறப்பதில்லை.

இப்போது என் வகுப்பில் விழித்திரைச் சிதைவால் பார்வை சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே வரும் ஒருவர் இருக்கிறார். இந்தப் பருவத்தில் பெரிய எழுத்து போதுமாக இருக்கிறது. அடுத்த பருவத்தில் போதுமா என்று அவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட மாணவர்களிடம் முதல் பேச்சை எவ்வாறு தொடங்குகிறீர்கள், பாடத்தின் தரத்தைக் குறைக்காமல் எதையெல்லாம் மாற்றியிருக்கிறீர்கள், தேர்வை எவ்வாறு நடத்துகிறீர்கள் என்பதை இங்குள்ளவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுத வேண்டுகிறேன்.

கரும்பலகை

கணித ஆசிரியன் என்ற முறையில் என் பாடத்துக்குரியதை மட்டும் சொல்கிறேன். கணித வகுப்பில் நாம் பேசுவதில் பாதி, பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே பொருள்படுவது. ‘இதை இந்தப் பக்கம் கொண்டு வந்தால் அது போய்விடும், மிச்சம் இவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பார்வையற்ற மாணவருக்கு அந்த வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் இல்லை. எழுதுவதை அப்படியே வாயால் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் அறிவுரை கூறுவார்கள். அதுவும் போதாது. ‘எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் எக்ஸ் கழித்தல் இரண்டு’ என்று சொன்னால், அதைக் கேட்பவர் நான்கு வெவ்வேறு கோவைகளாக எழுத முடியும். எது பின்னத்தின் மேலே, எது கீழே, பின்னம் எங்கே முடிகிறது என்பது அந்த ஒலியில் இல்லை. ஆகவே நான் ‘பின்னம் தொடக்கம், எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே, எக்ஸ் கழித்தல் இரண்டு, பின்னம் முடிவு’ என்றே சொல்கிறேன். மூலக்குறிக்கும் அடுக்குக்கும் இதே முறைதான். சில வகுப்புகளிலேயே நாக்கு பழகிவிடுகிறது. குறிப்பெடுக்கும் மற்ற மாணவர்களின் பிழைகளும் குறைந்துவிடுகின்றன.

இது என் கண்டுபிடிப்பு அன்று. பிறவியிலேயே பார்வையற்றவரும் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவருமான ஆபிரகாம் நெமத், தமக்கு வாசித்துக் காட்டுபவர்கள் எந்த ஐயத்துக்கும் இடமில்லாமல் வாசிப்பதற்கென்றே இத்தகைய வாய்மொழி முறையை வகுத்துக்கொண்டார். 1952-இல் வெளிவந்த அவருடைய பிரெயில் கணிதக் குறியீடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 14 வயதில் ஒரு வெடிவிபத்தில் பார்வையை இழந்த லெவ் பொன்றியாகின், தாயார் வாசித்துக் காட்டக் கேட்டே கணிதம் கற்று, இருபதாம் நூற்றாண்டின் பெரும் கணிதவியலாளர்களுள் ஒருவரானார். பார்வையில்லாமல் உயர்கணிதம் இயலாது என்று இன்னும் சொல்பவர்கள் இருப்பதால்தான் இந்தப் பெயர்களைக் குறிப்பிடுகிறேன்.

மற்றொன்று, சமன்பாடுகளைப் படமாக வெட்டி ஒட்டிய பிடிஎஃப் கோப்பு. திரைவாசிப்பு மென்பொருள் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லாது, அல்லது ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். சமன்பாடுகளை எழுத்துக் கட்டளைகளாகத் தட்டச்சிட உதவும் லேட்டெக் மென்பொருளில் பாடக்குறிப்பு எழுதுபவர்கள் அதன் மூலக்கோப்பையே மாணவருக்குக் கொடுக்கலாம். அந்தக் கட்டளைகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட மாணவருக்கு அதைவிடத் தெளிவான வடிவம் கிடைப்பது அரிது.

திரைவாசிப்பான்

நான் கற்பிப்பவள் அல்லள், முதுகலை மாணவி. 30 வயதைக் கடந்த பிறகு பார்வையை இழந்தேன். இந்த இழையில் மாணவர் பக்கத்துக் குரலும் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் பேச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் உதவியது, முதல் வகுப்பில் ஓர் ஆசிரியை எல்லோருக்கும் பொதுவாகச் சொன்ன அறிவிப்பு. ‘பாடம் எந்த வடிவத்தில் வந்தால் உங்களால் நன்றாகப் படிக்க முடியும் என்பதை இந்த வாரத்துக்குள் எனக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், காரணம் எழுத வேண்டியதில்லை’ என்றார். அதில் குறிப்பாக யாரையும் சுட்டவில்லை, நோயின் பெயரைக் கேட்கவில்லை. வகுப்பின் நடுவே ‘உங்களுக்கு என்ன பிரச்சினை?’ என்று கேட்கப்பட்ட அனுபவமும் எனக்கு உண்டு. என் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்வதால் பாடம் நடத்துபவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதுதான் அவருக்குப் பயன்படும்.

பார்வையற்றவர் என்றால் பிரெயில் தெரிந்திருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். வளர்ந்த பிறகு பார்வையை இழந்த பலரைப் போல நானும் பிரெயிலில் வேகமாகப் படிப்பவள் அல்லள், காதால்தான் படிக்கிறேன். இதன் விளைவு என்ன என்பதை வகுப்பு நடத்துபவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியரும் பேசுகிறார், என் காதுக்குள் திரைவாசிப்பானும் பேசுகிறது. இரண்டு குரல்களை ஒரே நேரத்தில் யாராலும் பின்தொடர முடியாது. ஆகவே காட்சிவில்லைகள் முந்தின நாளே என் கைக்கு வந்தால்தான் வகுப்பில் ஆசிரியரின் குரலுக்கு முழுக் காதையும் கொடுக்க முடியும். வகுப்பு முடிந்த பிறகு அனுப்புகிறேன் என்பது மற்றவர்களுக்கு மீள்பார்வை, எனக்கு அதுதான் முதல் பார்வை.

கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதும் முக்கியம். நூலின் பக்கங்களை ஒளிவருடி அனுப்புகிறார்கள். அது வெறும் படம். தமிழ்க் குறிப்புகள் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவையோ ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிக்கும். அதை மாற்றிக் கொள்வதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும், வேலைக்குப் போகும் ஒருவருக்குப் படிப்பதற்கென்று இருப்பதே அந்த மாலைப்பொழுதுதான். புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டாம். எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டு யூனிகோடாக அனுப்பினாலே போதும். காப்புரிமை பற்றித் தயங்குபவர்களுக்கு: 2013-இல் கையெழுத்தாகி 2016 முதல் நடைமுறையில் உள்ள மராகேஷ் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக அணுகத்தக்க படிகளை உரிமையாளரின் தனி அனுமதியின்றி உருவாக்கச் சட்டம் வழிசெய்ய வேண்டும். உங்கள் நூலகரிடம் கேட்டால் உள்ளூர் நடைமுறையைச் சொல்வார்.

ஆய்வுக்கூடம்

வேதியியல் செய்முறை வகுப்புகளை நடத்துகிறேன். எங்கள் துறையில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லில் எல்லா விவாதமும் முடிந்துவிடுகிறது, ஆனால் அப்படி முடிந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. ஒவ்வொரு செய்முறையையும் எடுத்துக்கொண்டு, இதில் மாணவர் எதைக் கற்க வேண்டும், எது வெறும் வழி என்று பிரித்துப் பார்க்கிறேன்.

ஒரு கரைசலில் மற்றொன்றைத் துளித்துளியாகச் சேர்த்து அதன் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வலிமை மிகு அமிலத்தை வலிமை மிகு காரத்தால் தரம்பார்க்கையில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி நிறமின்மையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர் அந்த மெல்லிய இளஞ்சிவப்பைத் தவறவிட்டுவிடுவார். அவரிடம் கவனக்குறைவு இல்லை. நாம் தேர்ந்தெடுத்த நிறங்காட்டியே அவருக்கு ஒத்துவரவில்லை. அதே தரம்பார்த்தலுக்குத் தைமால்ப்தலீனைப் பயன்படுத்தினால் மாற்றம் நீலத்தில் நிகழும், அவருக்கும் தெரியும். பார்வையே இல்லாதவர் என்றால் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மானியைக் கணினியுடன் இணைத்து, அளவைக் குரலாகக் கேட்கச் செய்யலாம். அமிலமும் காரமும் சரிக்குச் சரியாக ஈடாகும் சமநிலைப் புள்ளி என்றால் என்ன, அது ஏன் அந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டாரா என்பதே அந்த வகுப்பின் நோக்கம். நிறத்தைக் கண்ணால் பார்ப்பது நோக்கமாக இருந்ததே இல்லை.

கைகளை இயக்க இயலாத மாணவருக்கு உதவியாளர் ஒருவரை அமர்த்துகிறோம். விதி ஒன்றுதான்: மாணவர் வாய்விட்டுச் சொல்லாத எதையும் உதவியாளர் செய்யக் கூடாது. ‘குடுவையில் இன்னும் இரண்டு மில்லிலிட்டர் சேருங்கள்’ என்று சொல்லாவிட்டால் குடுவை அப்படியே இருக்கும். மாணவர் பிழையான கட்டளை இட்டால், அது யாருக்கும் ஆபத்தில்லாத பிழையாக இருக்கும்வரை, உதவியாளர் அப்படியே செய்ய வேண்டும். பிழையான முடிவைப் பெறும் வாய்ப்பும் கல்வியின் பகுதிதான்.

எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பகுப்பாய்வுக்கூடத்தில் வேலைக்கு ஆளெடுப்பதற்கென்றே நடத்தப்படும் பயிற்சியில், துளிக்குழாயைத் தாமே கையாள்வதைத்தான் சான்றிதழ் உறுதிசெய்கிறது என்றால், அந்தப் பகுதியை உதவியாளரின் கையால் நிரப்ப முடியாது. ஆனால் அப்படிப்பட்ட பகுதிகள் எவை என்பதைப் பாடத்திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். மாணவர் சேர்ந்த பிறகு, அவரைப் பார்த்த பிறகு, ‘இது இன்றியமையாதது’ என்று தீர்மானிப்பது நேர்மையாகாது.

இருமொழி

செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளராக இருந்து, இப்போது கல்லூரியில் அத்துறையைக் கற்பிக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் எப்போதும் பேச்சுக்குச் சில விநாடிகள் பின்னால்தான் இருப்பார், ஏனெனில் கருத்து முடிந்தால்தான் அதைச் சைகையில் கட்டமைக்க முடியும். இதை வகுப்பில் வைத்துப் பாருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். முன்வரிசையில் ஒருவர் உடனே பதில் சொல்கிறார். ஆசிரியர் ‘சரி’ என்று அடுத்ததற்குப் போகிறார். கேள்வி அப்போதுதான் காதுகேளாத மாணவரின் கண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பருவம் முழுவதும் அவர் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருப்பதற்கு இதுதான் காரணம், விடை தெரியாமை அன்று. கேள்விக்குப் பின் சற்று நிறுத்தி, கை உயர்த்தியவர்களிலிருந்து ஒருவரை அழைக்கும் பழக்கம் இருந்தால் போதும். அந்த இடைவெளி தயங்கித் தயங்கிப் பேசும் மற்றவர்களுக்கும் உதவுகிறது. பேசும்போது மாணவரைப் பார்த்துப் பேசுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ‘அவரிடம் சொல்லுங்கள்’ என்று சொல்லாதீர்கள்.

நடுவயதில் செவித்திறனை இழந்தவர்களுக்குச் சைகைமொழி தெரிந்திருப்பது அரிது. அவர்கள் உதட்டசைவையும் கருவியையும் நம்பியிருக்கிறார்கள். உதட்டசைவு எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதை ஒரு கண்ணாடி முன் நின்று ‘பாடம்’, ‘மாடம்’ என்று ஒலியில்லாமல் சொல்லிப் பார்த்தால் அறிந்துகொள்ளலாம். இரண்டும் ஒன்றாகவே தெரியும். ‘கடல்’, ‘கதவு’ என்று நாக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் உருவாகும் ஒலிகளில் பெரும்பகுதி வெளியே தெரிவதே இல்லை. மீதியைச் சூழலைக் கொண்டு ஊகிக்கிறார்கள். புதிய கலைச்சொல் வரும்போது ஊகிக்கச் சூழல் இல்லை. ஆகவே அன்றைய பாடத்தின் கலைச்சொற்களைத் தொடக்கத்திலேயே பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள்.

ஒலிவாங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘என் குரல் கணீரென்று கேட்கும், ஒலிவாங்கி வேண்டாம்’ என்று பல ஆசிரியர்கள் நல்லெண்ணத்துடனேயே மறுக்கிறார்கள். செவித்துணைக் கருவி ஓரிரு மீட்டருக்குள் பேசுபவரைத்தான் நன்றாகப் பிடிக்கும். அதற்கு அப்பால் மின்விசிறியும் நாற்காலி இழுக்கும் ஓசையும் குரலோடு சேர்ந்து பெருகும். ஆசிரியரின் சட்டையில் செருகிய ஒலிவாங்கி குரலை நேரே கருவிக்கு அனுப்புகிறது. பின்வரிசையிலிருந்து வரும் கேள்வி அதில் விழாது என்பதால், பதில் சொல்வதற்கு முன் கேள்வியைத் திரும்பச் சொல்வதும் அவசியமாகிறது.

தேர்வறை

ஆய்வுக்கூடம் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ‘இன்றியமையாதது எது’ என்ற கேள்வியை ஆசிரியர் ஒருவரின் தீர்ப்புக்கு விட்டுவிடுவது ஆபத்தானது. நான் தேர்வுப் பணியில் நீண்ட காலம் இருப்பவன். கூடுதல் நேரம் கொடுப்பதை எதிர்ப்பவர்கள் சொல்லும் வாதம் எப்போதும் ஒன்றே: ‘வேகமும் திறமைதானே?’ அப்படியானால் வேகத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வினாத்தாளில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால், மூன்று மணிநேரம் என்பது அரங்கு கிடைக்கும் நேரத்தையும் மேற்பார்வையாளரின் நேரத்தையும் கணக்கிட்டு வைத்த எல்லைதான். தரத்தின் பெயரால் அதைக் காக்க வேண்டியதில்லை.

கூடுதல் நேரம் என்பது சலுகையன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எட்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையைப் பார்வையுள்ளவர் ஒரே பார்வையில் அளந்து, பெரிய எண் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்வார். திரைவாசிப்பானில் கேட்பவர் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, கேட்ட எண்களை நினைவில் நிறுத்தி, தலைப்பு மறந்துபோனால் மேலே ஏறி, மீண்டும் இறங்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் அந்த நேரம் செலவாகிறது.

சொல்வதை எழுதுபவர் ஒருவரை அமர்த்திவிட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் கருதுவதையும் மாற்ற வேண்டும். பாடம் தெரியாத எழுத்தர் ‘சிக்மா’ என்றால் என்ன குறி என்று கேட்பார். பக்கவாதத்துக்குப் பின் சொல் தேடிப் பேசும் ஒருவருக்கு, வாய்மொழியாகக் கட்டுரை சொல்வது கையால் எழுதுவதைவிடக் கடினமாகவும் இருக்கலாம். தேர்வுக்கு முன்பே, அதே எழுத்தருடன் ஒரு பயிற்சித் தேர்வாவது வைக்க வேண்டும்.

பொய்யாகக் கோருகிறார்களோ என்ற ஐயத்தைச் சக ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். கவனக்குறைபாடு, வாசிப்புக் குறைபாடு, மன அழுத்த நோய் ஆகியவை வெளியில் தெரியாதவை என்பதால் இந்த ஐயம் அவர்கள்மீதே விழுகிறது. ஆவணங்களைச் சரிபார்ப்பது அதற்கான அலுவலகத்தின் வேலை. அந்த அலுவலகம் ஏற்பாட்டை அனுமதித்த பிறகு, வகுப்பறையில் மறுவிசாரணை நடத்தும் உரிமை நமக்கு இல்லை. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, உயர்கல்வி, தொழிற்பயிற்சி, வயதுவந்தோர் கல்வி, வாழ்நாள் கற்றல் ஆகிய அனைத்திலும் நியாயமான ஏற்பாடுகளை உறுதிசெய்யும் கடமையை அரசுகளுக்கு விதிக்கிறது. வயதுவந்தோர் கல்வி அதில் தனியே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதை இந்த இழையில் நினைவுபடுத்துவது பொருந்தும்.

மாலைவகுப்பு

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. முதலாவது, ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் எழுந்திருக்கவே இயலாமலும் இருக்கும் நோயுள்ளவர்களைப் பற்றியது. தண்டுவட மரப்பு நோயுள்ள மாணவி ஒருவர் எனக்கு இருந்தார். பகல் வேலை முடிந்து வரும்போது களைப்பில் அவருக்கு எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும். கூடுதல் தேர்வு நேரம் அவருக்குப் பயன்படவில்லை, அதிக நேரம் உட்கார்ந்திருப்பதே அவருக்குத் துன்பம். இரண்டாவது, என் பாடத்துக்கே உரியது: நிகழ்வெண் பட்டைவரைபடத்தைப் பார்வை குறைந்துவரும் மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது?

தேர்வறை

முதல் கேள்விக்கு: அவருக்கு நேரத்தை நீட்டுவதைவிடத் தேர்வைத் துண்டாக்குவதே பயன்படும். ஒரே தேர்வை இரண்டு காலைப்பொழுதுகளில், இரண்டு வெவ்வேறு பகுதிகளாக நடத்தலாம். ஒப்படைப்புகளுக்கு, பருவத் தொடக்கத்திலேயே அவருடன் அமர்ந்து, எத்தனை நாள் தாமதம் வரை கேட்காமலேயே ஏற்கப்படும் என்பதை எழுத்தில் முடிவுசெய்துவிடுங்கள். உடல்நிலை மோசமான நாளன்று மின்னஞ்சல் எழுதி அனுமதி கேட்க வேண்டிய நிலை, அந்த நாளின் சுமையை இரட்டிப்பாக்குகிறது. குழுப்பணியில் மட்டும் இந்த நெகிழ்வு மற்ற உறுப்பினர்களைப் பாதிக்கும் என்பதால், அவருடைய பங்கு மற்றவர்கள் காத்திருக்கத் தேவையில்லாத பகுதியாக இருக்கும்படி பிரித்துக் கொடுக்கலாம்.

திரைவாசிப்பான்

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். புள்ளியியலில் ‘ஆர்’ என்ற கணினி நிரல்மொழியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் உங்கள் மாணவருக்கு நல்வாய்ப்பு. அதில் கட்டளைகளும் விடைகளும் எழுத்தாகவே இருப்பதால், சுட்டியை நம்பியிருக்கும் மென்பொருள்களைவிடத் திரைவாசிப்பானுக்கு மிகவும் இணக்கமானது. நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கும், தாமும் பார்வையற்றவரான ஜோனதன் காட்ஃப்ரே, ‘பிரெயில்ஆர்’ என்ற கூடுதல் தொகுப்பை உருவாக்கி இலவசமாகத் தந்திருக்கிறார். வரைபடத்தை வரைந்துவிட்டு அதிலுள்ள விஐ என்ற கட்டளையை இட்டால், எத்தனை பட்டைகள், அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை தரவுகள் என்பதை வாக்கியங்களாகச் சொல்லும்.

ஆனால் எண்களைக் கேட்பதால் மட்டும் வடிவம் மனத்தில் எழாது. ‘வலப்பக்கம் சரிந்துள்ளது’ என்பதை விரலால் தொட்டு உணர்ந்தவருக்குத்தான் பின்னர் எண்களைக் கேட்கும்போதே அந்தச் சரிவு தெரியும். வெப்பம் பட்டால் கருமையான கோடுகள் மேடாக எழும் சிறப்புத் தாள் கிடைக்கிறது. சாதாரண அச்சுப்பொறியில் வரைபடத்தை அச்சிட்டு, அதற்கான சூடேற்றும் கருவியில் செலுத்தினால் போதும். சமச்சீர், வலச்சரிவு, இடச்சரிவு, இரு முகடு ஆகிய வடிவங்களை மட்டும் அப்படித் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தாளில் கட்டக்கோடுகளையும் அலங்கார நிழல்களையும் நீக்கிவிடுங்கள். விரலுக்கு எல்லாக் கோடும் ஒன்றுதான், எது பட்டை, எது பின்னணி என்று அதனால் பிரிக்க இயலாது.

உங்கள் மாணவருக்கு இன்னும் பார்வை எஞ்சியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இவற்றை இப்போதே, இந்தப் பருவத்திலேயே, அவருடைய விருப்பத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வரைபடத்தைக் கண்ணால் ஒரு முறை பார்த்து, அதையே விரலால் தொட்டு, அதே வேளையில் திரைவாசிப்பான் சொல்வதையும் கேட்க அவரால் இப்போது முடியும். திரைவாசிப்பானை முதலில் மெதுவான வேகத்தில் வைத்து, அவருக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடத்தைக் கொண்டே பழகச் சொல்லுங்கள்.